நான் சொல்லிக்கொடுத்த வசனம்

ஆம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு கேஸையாவது எழுதி வைக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை. எஸ்தர், ஒன்பது வயசு. முதுகில் யூனிஃபார்ம் ஒட்டிக்கொண்டிருந்தது. சலைன் ஊற்றி ஊறவைத்துத்தான் துணியைப் பிரித்தேன். அவள் அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் அப்பா சாமுவேல், ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். "படியில விழுந்துட்டா டீச்சர்" என்றான். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் சிஸ்டர். சண்டே ஸ்கூலில் என்னிடம் படித்தவர்களுக்குத்தான் டீச்சர்.

"படி இப்படிப் பட்டை பட்டையா அடிக்குமாடா? இன்னாத்தால அடிச்ச?"

"பெல்ட்டு. பொய் சொல்லிட்டா டீச்சர், அதான்." பிறகு, பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லும் வேத வசனத்தை அதிகாரம், எண்ணோடு ஒப்பித்தான். ஒரு எழுத்து பிசகவில்லை. "நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. டிபன் பாக்ஸ் பிரைஸ்கூட வாங்கினேனே."

பஞ்சு என் கையிலேயே நின்றது. வாங்கினான்தான், கொடுத்தவளே நான். எங்கள் வழக்கம் அப்படி. வசனத்தைப் பிசகாமல் சொன்னால் பரிசு. அர்த்தத்தை யாரும் கேட்டதில்லை.

"போலீஸ் வாணாம் டீச்சர், வேலை போய்டும்" என்று கெஞ்சினான். நான் டியூட்டி டாக்டரிடம் சொல்லி எம்.எல்.சி. போட வைத்தேன். அது போட்டால் போலீஸுக்குத் தகவல் போய்விடும். எஸ்தரை ஜோலார்பேட்டையிலிருந்து பெரியம்மா வந்து அழைத்துப் போனாள்.

விஷயம் சர்ச் கமிட்டிக்கு வந்தது. செயலாளர் சுலபமாக முடித்தார். "அந்த வசனத்த மனப்பாட லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாம்மா. நமக்கு எதுக்குப் பேஜாரு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "லிஸ்ட்லேர்ந்து எடுத்தா வேதத்துலேர்ந்து போய்டுமா? நாம மறைச்சா அவன் தனியா படிச்சுட்டு அடிப்பான். கழுவாம கட்டுப் போட்டா உள்ள சீழ்தான் பிடிக்கும்."

அடுத்த ஞாயிறு, சண்டே ஸ்கூல் பிள்ளைகள் முன்னால் அதே வசனத்தை வாசித்தேன். "இத நான் அர்த்தம் சொல்லாம குடுத்துட்டேன். இதச் சொல்லியே ஒரு புள்ள முதுக உரிச்சிட்டாங்க. வேதத்துல இருக்குதுன்னு யாரும் உங்கள அடிக்கக்கூடாது" என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"எங்களுக்கு எதுக்கு டீச்சர் சொல்றீங்க? எங்கப்பா பக்கத்துல சர்ச்லதான் உக்காந்துனு இருக்காரு."

நான் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். வேதத்தை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குள் போனேன்.