சமமாக விழுந்தால்

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அண்ணை கனடாவிலிருந்து உடுப்பிட்டிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தன் பிள்ளைகள் ஆடி அலுத்துப்போன போர் விளையாட்டு ஒன்றைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். ஒரு பின்னேரம் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, "வா பிள்ளை, ஒரு ஆட்டம்" என்றார். பள்ளிக்கூடத்தால் வந்து, அப்பாவைத் துடைத்து, கஞ்சி பருக்கிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். மறுக்கவும் தெம்பில்லை.

"அடிக்கிறவருக்கு மூண்டு தாயக்கட்டை, தடுக்கிறவருக்கு ரண்டு. ரண்டு பேரும் எறிவம். என்ரை பெரிய எண்ணை உன்ரை பெரிய எண்ணோடை பாக்கிறது, அடுத்ததை அடுத்ததோடை. குறைஞ்சவருக்கு ஒரு சிப்பாய் போச்சு."

"சமமா விழுந்தா?"

"அப்ப தடுக்கிறவருக்குத்தான் வெற்றி. அடிக்க வந்தவன் இழப்பான்."

ஆறு, நாலு, ஒன்று என்று அவருக்கு விழுந்தது. எனக்கு ஆறும் நாலும். இரண்டும் சமம், அவருடைய இரண்டு சிப்பாய்கள் மேசையை விட்டுப் போயின. "உனக்கு நல்ல ராசி" என்று சிரித்துவிட்டு, பலகை வரைபடத்தில் பக்கத்து நாட்டில் இருந்த சிப்பாய்களை அடுக்கத் தொடங்கினார். எனக்குக் கண் சொருகியது. என்னுடைய முறைக்கும் அவரே எறிந்ததாக ஞாபகம்.

விழித்தபோது கன்னம் மேசையில் ஒட்டிக் கிடந்தது. எதிரே அண்ணை இல்லை. உள்ளே அப்பாவின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா கூப்பிட்டிருக்கிறார், என்னை எழுப்பாமல் அண்ணை தானே அவருடைய நனைந்த இடுப்புச் சாரத்தை மாற்ற முனைந்திருக்கிறார். விரிப்பு முழுவதும் ஈரம். அண்ணையின் சேட்டும் ஈரம்.

"உவனுக்கு ஒண்டும் தெரியாது" என்றார் அப்பா, கோபமாக.

அண்ணையின் கண்கள் கலங்கியிருந்தன. "நீ ஒவ்வொரு நாளும் தனியவே உதெல்லாம் செய்யிறாய்?"

"ஓம். வேறை ஆர்?"

அவர் ஈரச் சேட்டின் கைகளை மேலே சுருட்டிவிட்டார். பிறகு, "எனக்குப் பழக்கு. நான் இஞ்சை நிக்குமட்டும் பின்னேரத்திலை நான் பாக்கிறன்" என்றார்.

அப்பாவை ஒரு பக்கம் சரித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பழைய விரிப்பைச் சுருட்டிக்கொண்டே புதியதை விரிக்கும் விதத்தைக் காட்டினேன். சொன்னபடியே அடுத்த நாளிலிருந்து செய்தார். அவர் திரும்பிப் போகும்வரை, பள்ளிக்கூடத்தால் வந்ததும் நான் படுத்து உறங்கினேன்.