மாத்தே நேரத்து வெயில்

மொந்தேவிதேயோவில் ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடி ஆய்வகத்தில் நெலிதா பெர்த்தோலா இருபத்திரண்டு வருஷம் வைரஸ்களை எண்ணினார். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள்மேல் புற ஊதாக்கதிரைப் பாய்ச்சி, எத்தனை பிழைக்கின்றன என்று பார்ப்பது அவர் வேலை. பிழைத்த ஒவ்வொன்றும் தட்டில் படர்ந்த பாக்டீரியாவைத் தின்ன, அங்கே ஒரு சின்ன வட்டம் தெளியும். மஞ்சள் விளக்கடியில் அவற்றை எண்ணும்போது அவர் உதடுகள் பாதித் தூக்கத்தில் அசைவதுபோல அசையும். நான் அவரிடம் படித்து, நாடு நாடாகச் சுற்றித் திரும்பியபோதும் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

அந்த வருஷம் பேராசிரியர் பதவிக்குத் தேர்வு. கதிரடிபட்ட வைரஸ் வெளிச்சம் பட்டால் சீராகும் என்பது பழைய சங்கதி. மஞ்சள் ஒளியில் மட்டும் அப்படிச் சீராகாது; அந்த விளக்கே அதற்காகத்தான். நெலிதாவின் வைரஸோ சில நாள் மட்டும், மற்ற நாளைவிட மும்மடங்கு, இருட்டிலேயே பிழைத்தது. இரண்டு வருஷக் கணக்கு. அதை நம்பித்தான் திங்கட்கிழமை தேர்வுக் குழுமுன் நிற்கப்போகிறார்.

வியாழன் நான்கு மணி. தாழ்வார ஜன்னலருகே நெலிதா சுரைக்குடுக்கையில் வெந்நீர் ஊற்றி எல்லாருக்கும் முறைவைத்து மாத்தே என்ற இலைத்தேநீர் தந்துகொண்டிருந்தார். உதவியாளர் எர்மிந்தோ இருட்டறையிலிருந்து அப்போதுதான் கதிரடித்த தட்டுகளோடு வந்தார்.

"உன் முறை, எர்மிந்தோ. வாப்பா!"

"கை நிறைய தட்டு இருக்கே, நெலிதா."

"வச்சிட்டு வா. பெரிய மனுஷன் ஆயிட்டானோ?"

"ஐயோ, மறுத்தா நாளைக்கு வெறும் வெந்நிதான் கிடைக்கும்!"

எல்லாரும் சிரித்தோம். எர்மிந்தோ தட்டுகளை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, குழல் சத்தம் போடும்வரை உறிஞ்சினார். நடுவே கால்பந்துக் கதை வேறு. ஆற்றில் பட்டுத் தெறித்த வெயில் தட்டுகள்மேல் பொன்னாய்ப் படுத்திருந்தது.

நெலிதாவின் சிரிப்பு நின்றது. "தினமும் அங்கதான் வைப்பியா?"

"பின்ன? நீங்கதானே கூப்பிடுறீங்க."

அன்று மாலை பழைய செய்தித்தாள்களின் வானிலைச் செய்தியை நோட்டுக் கணக்கோடு ஒப்பிட்டோம். வைரஸ் அதிகம் பிழைத்த நாளெல்லாம் வெயில் நாள்.

திங்கட்கிழமை அவர் குழுவிடம் சொன்னார்: "அது இருட்டுல பிழைக்கல. வெயில்லதான் பிழைச்சிருக்கு. தட்டை அங்க வைக்கச் சொன்னதும் நான்தான்."

"சொல்லாம விட்டிருந்தா யாருக்குத் தெரியும், டாக்டர்?" என்றார் குழுவில் ஒருவர்.

"யாருக்கும் தெரியாது. ஆனா இதை நம்பி இன்னொருத்தர் ரெண்டு வருஷம் இருட்டுல தேடுவாங்களே."

பதவி வேறொருவருக்குப் போனது. அடுத்த வாரம், வெளிச்சம் படாமல் மூடிய பெட்டியில் வந்த முதல் தட்டில் ஒரு வட்டம்கூட இல்லை; மூட்டமான நாட்களில் பிழைத்த கொஞ்சமும் ஜன்னல் வெளிச்சத்தால்தான். பாக்டீரியா வெண்மேகமாய் மூடிக் கிடந்தது. நெலிதா புது நோட்டில் சுழியம் என்று எழுதிவிட்டு, அந்த மேகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.