ஏலக்காட்டில் ஆளில்லே

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இத்தோடு மூடி வைத்துவிட்டுப் போகலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேய் விளையாட்டு செய்து விற்கிறவள் பேய் அனுபவம் சொன்னால் விளம்பரம் என்றுதான் சொல்வீர்கள். எதற்கு விளம்பரம்? அந்த விளையாட்டு வெளிவரவே இல்லை. இனியும் வராது. முழுசாக என் கையாலேயே அழித்துவிட்டேன்.

என் பெயர் யோகப்பிரியா. பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதிக்காரி. நானும் ஷபீரும் சேர்ந்து வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். கம்பெனி கிடையாது, மேலதிகாரி கிடையாது. இரண்டு பேர், இரண்டு கம்ப்யூட்டர், ஓயாத சண்டை. கோடிங்கும் படமும் என் பொறுப்பு. ஒலி முழுக்க அவன் பொறுப்பு. அவனுடைய அத்தா மூசா பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். செத்தாலும் கல்லாவில் உட்கார மாட்டேன் என்று வீட்டில் மல்லுக்கட்டிவிட்டு வந்தவன் ஷபீர். கையில் மைக் இருந்தால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

விளையாட்டு இதுதான். ஏலக்காட்டு மூடுபனியில் கூட்டத்தைத் தவறவிட்ட ஒரு பெண். திரையில் பனியைத் தவிர ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் கூவுவதைக் காதால் கேட்டே அவள் வெளியே வர வேண்டும். ஒலி பொய் என்றால் மொத்தமும் பொய். அதனால்தான் போன ஆகஸ்டில் ஏலத்தோட்டங்கள் நிறைந்த சாந்தன்பாறைக்குப் போய் அறை எடுத்துத் தங்கினோம்.

பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் பூமாரி. என் வயதுதான் இருக்கும். எங்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலையைக் கெடுக்கிறோம் என்று திட்டிக்கொண்டேதான் ஷபீரின் மைக்கில் ஒரு தடவை கூவிக் கொடுத்தாள். நீளமான கூவல். மலையின் அந்தப் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

சாயங்காலம் அவர்கள் கிளம்புவதையும் பார்த்தோம். பூமாரி தோட்ட ரோட்டில் நின்று கூவினாள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பதில் கூவிக்கொண்டே வெளியே வந்தார்கள். கடைசி ஆளும் வந்து சேர்ந்ததும் காட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆளில்லே...!"

அது எதற்கு என்று கேட்டேன்.

"எதுக்குன்னு ஆரு கண்டா? எங்காத்தா காலத்துலருந்து சொல்றோம். சொன்னதுக்கப்புறம் உள்ள ஒரு கூவல் கேக்கக் கூடாது. அம்புட்டுத்தேன்."

"கேட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"கேக்காது மேடம். ஆனை எறங்குற நேரம், நீங்களும் போய்ச் சேருங்க."

அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் போய்விட்டது. நாங்கள் போகவில்லை. எங்களுக்கு வேண்டியதே ஆளில்லாத காடுதான். பூமாரியின் கூவலை ஸ்பீக்கரில் ஓட விட்டு, காட்டுக்குள் அது எப்படி எதிரொலிக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். அந்த எதிரொலியை எடுத்து விளையாட்டில் வரும் எல்லாக் குரலுக்கும் பூசிவிடலாம். எங்கள் தொழிலில் இது சாதாரண வேலை.

மணி ஐந்து பத்து. ஸ்பீக்கரை ரோட்டோரம் வைத்துக்கொண்டு நான் நின்றேன். தோளில் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு ஷபீர் சரிவில் இறங்கினான். அவன் மைக்கில் விழுவதெல்லாம் வயர்லெஸ்ஸில் என் ஹெட்போனுக்கு வரும். நான் பேசினால் அவனுக்குக் கேட்க ஒரே வழி அந்த ஸ்பீக்கர்தான். போன் சிக்னல் இல்லை.

"ரெடி. போடு யோகா," என்றான் ஹெட்போனில்.

கூவலை ஓட விட்டேன். அரை நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே கூவும்படி வைத்திருந்தேன். முதல் நாலைந்து கூவல் அருமையாகப் பதிவானது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட்டைகள் காலில் ஏறிக்கொண்டிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அப்போதுதான் பனி இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் சரிவு முழுக்க வெள்ளை. ஷபீர் போன ஒற்றையடிப் பாதையும் மறைந்தது.

ஸ்பீக்கர் கூவியது. எதிரொலி வந்தது. அதற்குப் பிறகு... இன்னொரு கூவல். மெலிசாக. வெகு தூரத்தில்.

பறவை என்று நினைத்தேன்.

அடுத்த முறையும் பதில் வந்தது. இந்த முறை கொஞ்சம் கிட்டத்தில். அதற்கடுத்த முறை இன்னும் கிட்டத்தில். யாரோ தோட்டக்காரர்கள் எங்களைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

கூவல் நிற்கவில்லை.

ஹெட்போனில் ஷபீர் சிரித்தான். "போதும் யோகா. நீ எதுக்குக் கூவுற?"

நான் கூவவில்லை. வாயே திறக்கவில்லை.

என்னிடமிருந்த இன்னொரு மைக்கை ஸ்பீக்கரில் செருகிக் கத்தினேன். "டேய், நானில்ல! மேல வாடா!"

அவன் பதில் சொன்னான். ஆனால் எனக்கு இல்லை.

"சரி, சரி... வர்றேன். எங்க நிக்கிற?"

அப்புறம் அவன் மைக்கில் ஒரு குரல் கேட்டது. நிதானமாக. பக்கத்திலிருந்து.

"இங்கதான். கீழ வாடா."

அது என் குரல்.

என் குரல்தான். என் இழுவை, என் "வாடா". நடு முதுகில் வேர்த்தது. அந்தக் குளிரில் வேர்த்தது.

"ஷபீர்! அது நானில்ல! கீழ போவாத!"

"கத்தாத, கேக்குது... வர்றேன்ல?"

சருகு மிதிபடும் சத்தம். ஒருவர் நடப்பது இல்லை. இரண்டு பேர்.

பிறகு மைக்குக்கு மிக அருகில்... மூச்சு.

ஷபீரின் மூச்சு இல்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பூமாரி சொன்னது மட்டும்தான் மண்டையில் ஓடியது. அதைச் சொன்னால் கூவல் கேட்காது. சொன்னால் நின்றுவிடும். சொல்லிவிட்டேன். தொண்டை கிழியச் சொன்னேன்.

"ஆளில்லே...!"

நின்றது.

கூவல், சருகு, மூச்சு... எல்லாம் ஒரே நொடியில். ஹெட்போனில் இரைச்சல்கூட இல்லை.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

"போலாம்."

என் பின்னால் ஷபீர் நின்றான். அவன் இறங்கிப் போனது எனக்கு எதிரே இருந்த சரிவில். வந்து நின்றது எனக்குப் பின்னால், ரோட்டில். நான் அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன், அடித்தேன், திட்டினேன். ரெக்கார்டர் எங்கே என்று கேட்டதற்கு, "விழுந்துருச்சு" என்றான். உயிரைவிட மேலாக வைத்திருந்த ரெக்கார்டர் அது. ரோட்டோரம் நின்ற எங்கள் காரில் அவனை ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

அறைக்கு வந்து அட்டைகளைப் பிடுங்கிப் போட்டேன். ரோட்டில் நின்ற எனக்கே முழங்கால் வரைக்கும் ரத்தம். நாற்பது நிமிடம் காட்டுக்குள் நின்ற அவன் காலில் ஒரு கடி இல்லை. சட்டையில் ஈரம் இல்லை. என்ன நடந்தது என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஒரே மாதிரி சிரித்தான்.

காலையில் பூமாரி வந்தாள். கையில் ரெக்கார்டர்.

"செடியில தொங்குச்சு. எங்க பேச்சு உங்க காதுல ஏறாதா? தோட்டத்து ஆபீசரு எங்களத்தேன் வைவாரு."

நடந்ததைச் சொன்னேன். "ஆளில்லே" சொன்னதையும் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"உள்ள ஆள வச்சுக்கிட்டா சொன்னீக?"

"அவன்தான் வெளிய வந்துட்டானேங்க," என்று வராந்தாவைக் காட்டினேன். ஷபீர் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பூமாரி அவனை ஒருமுறை பார்த்தாள். அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பதிவைக் கேட்டேன்.

என் கத்தல் இருந்தது. "ஆளில்லே." பிறகு வெறும் அமைதி. பிறகு ஷபீர்.

"யோகா... நான் உள்ளதான் இருக்கேன். எதுக்கு அப்பிடிச் சொன்ன?"

தூரத்தில் கார் கதவு சாத்தும் சத்தம். ஒன்று. இரண்டு.

"ஏய்... யோகா! காரை எடுக்காத!"

என்ஜின் கிளம்பும் சத்தம். அவன் ஓடுகிறான். மூச்சிரைக்கிறது. விழுகிறான். என் பெயரைச் சொல்லி அலறுகிறான். அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனவள் நான். என் பக்கத்து சீட்டில் ஷபீர் உட்கார்ந்திருந்தான்.

பேட்டரி தீரும் வரைக்கும் அவன் கூவிக்கொண்டே இருக்கிறான். முழுசாகக் கேட்க என்னால் முடியவில்லை.

அன்றே காட்டுக்கு ஓடினேன். பூமாரியும் மற்ற பெண்களும் உச்சி வெயில் வரைக்கும் என்னோடு தேடினார்கள். "ஷபீர், ஷபீர்" என்று கத்தினேன். ஒரு பதிலும் இல்லை. யாரைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுப்பது? காணாமல் போனவன் என் காரில் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் இப்போது பாலக்காட்டில் இருக்கிறான். துணிக்கடைக் கல்லாவில். மைக்கைத் தொடுவதில்லை. அவன் அம்மா ருக்கியா போன் செய்து எனக்கு நன்றி சொன்னார். "புள்ள ரொம்ப மாறிட்டான்மா. சண்டையே போடறதில்ல." எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அவரிடம் நான் என்னத்தைச் சொல்வது?

போன மாதம் பூமாரி போனில் கூப்பிட்டாள். தேடிய அன்று என் நம்பரை வாங்கி வைத்திருந்தாள்.

அந்தத் தோட்டத்தில் இப்போது யாரும் "ஆளில்லே" சொல்வதில்லையாம். சொல்ல முடியவில்லையாம். பெண்கள் எல்லாரும் வெளியே வந்த பிறகும், உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் பதில் கூவுகிறதாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ரோட்டுக்குக் கிட்டத்தில். அவள் கூப்பிட்ட அன்றைக்கு ரோட்டோரச் செடிக்குப் பின்னாலிருந்தே பேசியதாம்.

"என்ன பேசுச்சுங்க?"

"'யோகா போயிட்டாளா'ன்னு கேட்டுச்சு."

அவளுக்கு என் பெயர் தெரியாது. நான் சொன்னதில்லை. அவளுக்கு நான் வெறும் மேடம்.

பிறகு பூமாரி மெதுவாகக் கேட்டாள்.

"மேடம்... யோகாங்கறது ஆரு?"