பங்கு சொல்லி எய்த மான்

தொண்ணூறுகளில் ஓர் இலையுதிர் காலம். மான் கிடைக்கும் முன்பே ரொறன்ரோவில் ஏழு வீடுகளுக்கு இறைச்சிப் பங்கு சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனேன். கப்பிகள் பூட்டிய, வெகுதூரம் எய்யக்கூடிய என் காம்பவுண்ட் வில் தந்த திமிர் அது. வெறுங்கையோடு திரும்பக் கூசி, தூரத்தில் நின்ற மானுக்கு எய்தேன். வயிற்றில் அம்போடு அது ஓடிவிட்டது.

“இனிக் கிடைக்காது, போவம்,” என்றேன்.

“அது எங்கையோ நோவோட கிடக்கும் அண்ணை. வாங்கோ, தேடுவம்,” என்றார் கூட வந்த வேலைத்தள நண்பர். என்னை ஒரு சொல் திட்டாமல், மாலைவரை முழங்காலில் ஊர்ந்து இரத்தத் துளிகளைத் தேடினார். மான் கிடைக்கவேயில்லை.

அடுத்த வருடம் சாதாரண மரவில்லுக்கு மாறினேன். அந்த வில்லால் எய்வதற்கு மான் மிக அருகே வரவேண்டும். பெரும்பாலும் வராது.

“பங்கு எப்ப?” என்று எல்லோரும் கேட்பார்கள். “மான் கிட்ட வரட்டும்,” என்பேன். முழங்காலில் ஊர்ந்தவர் மட்டும் இன்றுவரை கேட்டதில்லை.