மூலை உடைந்த போனும் இரண்டு கான்டெக்ஸ்டும்

தரமணி அலுவலகத்தில் பக்கத்து இருக்கை மேடத்தின் மேசையில் மூலை உடைந்த பழைய போன் ஒன்று கிடக்கும். எடுப்பார், குறுக்கே திருப்புவார், நேராக்குவார், மறுபடி திருப்புவார். பார்க்கும் எனக்குத்தான் நிலை கொள்ளாது. கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடியிருப்பில் வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நானோ பத்தாவது முடித்து, செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருந்துகொண்டே செயலி எழுதப் பழகி, முப்பத்தைந்து வயதில் அந்த அலுவலகத்தில் சேர்ந்தவன். வேலை நிரந்தரமாக வேண்டுமானால், தியாகராய நகர் ஜவுளிக்கடைக்கு நான் எழுதிய சரக்குச் செயலி ஒழுங்காக ஓட வேண்டும்.

செயலி எழுதப் பழகும் பிள்ளைகளே, போனைத் திருப்பினால் அதே திரைதான் சாய்ந்துகொள்கிறது என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படியில்லை. பழைய திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வருகிறது. செயலிக்குள் பல வேலைகளுக்கு, ‘நான் இன்ன இடத்தைச் சேர்ந்தவன்’ என்று அடையாளம் காட்ட வேண்டும். அதுதான் கான்டெக்ஸ்ட். திரைக்கு ஒன்று உண்டு. அது திரையோடு போய்விடும். செயலி முழுமைக்கும் ஒன்று உண்டு. அது கடைசிவரை இருக்கும். சரக்குப் பட்டியலைக் காக்கும் பகுதியும் கடைசிவரை இருப்பது. அதனிடம் நான் திரையின் கான்டெக்ஸ்டைக் கொடுத்துவிட்டேன். முடிந்துபோன திரைகளை அது விடவே இல்லை. போனில் இடம் அடைத்துக்கொண்டே போனது.

கடையில் ஏணிமேல் நின்ற விற்பனையாளர் போனை எப்படி எப்படியோ பிடித்தார். அரை மணி நேரத்தில் செயலி நின்றுவிட்டது. கடை முதலாளி அண்ணாச்சி கோபப்படவில்லை. “ஏணியில நிக்கவன் போனை நேராவா தம்பி புடிப்பான்? நாளைக் கழிச்சு இன்னொருக்கா பாப்போம்” என்றார்.

அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. மேடத்திடம் கேட்க வெட்கம். திரையின் கான்டெக்ஸ்ட் இருந்த இடத்திலெல்லாம் செயலியின் கான்டெக்ஸ்டை வைத்தேன். இருபது முறை திருப்பினேன், தாங்கியது. மேடம் வாங்கி இரண்டு முறை திருப்பினார். ஒரு புடவையை நீக்கும் பொத்தானை அழுத்தினார். ‘நீக்கவா?’ என்று கேட்கும் பெட்டி வரும் முன்பே செயலி விழுந்தது.

“அந்தப் பெட்டி ஒரு திரை மேலதான்ணா நிக்கணும். நிக்க இடமே குடுக்காம நில்லுன்னா இன்னா பண்ணும்? நேத்து எல்லாத்தையும் புடிச்சுக்கினு இருந்தீங்க, இன்னிக்கு எல்லாத்தையும் விட்டுட்டீங்க” என்றார் மேடம்.

அன்றுதான் வாய் திறந்து சொன்னேன், எனக்கு இது புரியவில்லை என்று. இதை முந்தாநாளே சொல்லியிருந்தால் மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் இடிபட்டு வெறுங்கையோடு வந்திருக்க வேண்டாமே என்று சிரித்தார். பட்டியலுக்குச் செயலியின் கான்டெக்ஸ்டும், கேட்கும் பெட்டிக்குத் திரையின் கான்டெக்ஸ்டுமாக மாற்றினோம். மறுநாள் அண்ணாச்சியே போனை வாங்கித் திருப்பினார், பெட்டியைத் தட்டினார், திருப்பினார். ஏணிமேல் நின்ற விற்பனையாளரிடம் நீட்டினார். வேலை நிலைத்தது.

மேடம் வேறு ஊருக்குப் போகும்போது அந்த போனை எனக்குக் கொடுத்துவிட்டார். நேற்று சாப்பிடும்போது அதைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்த மகள் பாதியில் நிறுத்தி, போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். “அப்பா, ஆபீஸ் முடிஞ்சிடுச்சுப்பா” என்றாள். முதலிலிருந்து சொல்லம்மா என்றேன். சொன்னாள். மேசைக்கடியில் என் இடது கை மட்டும் வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தது.