கூடைக்குள் போன ஸ்கேல்

என் வாழ்க்கையில் நான் அதிகாரியாக இருந்தது மொத்தம் பத்து நிமிஷம். அதற்குள் ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன். முழு சர்வீஸ் போட்டவர்கள்கூட இவ்வளவு வேகமாகச் செய்ததில்லை.

அப்பாவுக்கு மீன்வளத் துறையில் வேலை. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி, சால்ட் லேக் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தோம். ஒரு சாணுக்குக் குறைந்த இலிஷை, அதாவது நம் ஊர் உல்லம் மீனை, பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. அளப்பதற்கு, ஆபீஸ் முத்திரையும் சிவப்புக் கோடும் போட்ட மர ஸ்கேல் ஒன்று அப்பாவின் பையில் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சுட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனேன். சித்தி முறை வைத்து வங்காளியில் மாஷி என்று நாங்கள் கூப்பிட்ட மீன்காரி, அங்கே அரிவாள்மனையைக் காலால் மிதித்தபடி மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். வலைக்கண் சிறிசு என்று அவள் புருஷனின் வலையைப் போன மாதம்தான் பிடுங்கியிருந்தார்கள். அன்றைக்குக் கூடையில் இருந்தது கொழுந்தன் படகில் வந்த மீன்.

ஒவ்வொன்றாக அளந்து, “இது செல்லாது, இதுவும் செல்லாது” என்று அப்பா குரலில் தீர்ப்புச் சொன்னேன்.

மாஷி சிரித்தாள். “ஓ பாபு, கடல்ல பெரிய முதலாளியோட டிராலர் நிக்குது. முதல்ல அதைப் போய் அளந்துட்டு வா, பார்க்கலாம்.”

அந்த நேரம் பார்த்துச் சோதனை ஜீப் வந்தது. என் அதிகாரமெல்லாம் டவுசர் வழியாக இறங்க ஆரம்பித்தது. கையில் திருட்டு ஸ்கேல். வீட்டு அடுப்பிலோ, காலையில் மாஷியிடம் வாங்கிய இரண்டு பொடி இலிஷ். என்னைத்தான் பிடிக்க வருகிறார்கள்! ஸ்கேலைக் கூடையில் மீனுக்கடியில் சொருகிவிட்டு, பால் குடிக்கும் பிள்ளை மாதிரி நின்றேன்.

கூடையைக் கவிழ்த்தார்கள். ஸ்கேல் விழுந்தது. சின்ன மீன் ஒரு குற்றம், ஆபீஸ் சாமானைத் திருடியது இன்னொன்று. “சோர்! திருடி!” என்று கத்தினார் ஒருவர். மாஷி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கூடை, தராசு, அரிவாள்மனை எல்லாம் ஜீப்பில் ஏறின. அவளும் ஏறினாள்.

மத்தியானம், பறிமுதல் செய்த மீனைக் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே பங்கு போட்டார்கள். எங்களுக்கு நாலு. அம்மா கடுகு அரைத்துக் குழம்பு வைத்தாள்.

“சின்னதைப் பிடிச்சா நாளைக்குப் பெரிசு எங்கேருந்து வரும்?” என்றார் அப்பா, முள்ளைத் துப்பியபடி. என்றைக்காவது ஒரு டிராலர் மீது அந்த ஸ்கேலை வைத்தீர்களா என்று கேட்க இன்றைக்கும் எனக்கு நாக்கு துடிக்கிறது. அன்று கேட்கவில்லை. வாய் நிறையச் சோறு.

மாஷி அப்புறம் எங்கள் கேட் பக்கம் வரவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காததற்குக் காரணம் அவளுடைய பாசம்தான் என்று பல வருஷம் நம்பினேன். ஜீப்பைப் பார்த்து நான் நடுங்கிய அதே நேரத்தில், அரை டவுசர் போட்டிருந்தாலும் ஆபீஸர் மகனான என்னைப் பார்த்து அவள் பயந்திருக்கிறாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.