பிரிண்டர் இல்லாத வீடு

கேரளத்தில் மாள என்கிற ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆண்பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கணவன் வளைகுடாவில் இருக்க, மனைவி தனியாக இருக்கிற வீட்டில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அவர்களில் ஒருவனையும் கூப்பிட மாட்டார்கள். அவன் பைக் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பொழுது சாய்வதற்குள் சேதி கடல் தாண்டிவிடும். அதனால் ஓமனாவைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதும் அந்த வீட்டுக்காரி இல்லை. ஷார்ஜாவிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ வீட்டுக்காரன்தான் போன் போடுவான். "ஓமனச் சேச்சி, வீட்டுல சிஸ்டம் என்னமோ பண்ணுதாம், ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்பான். ஓமனாவும் பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிடுவாள்.

அவளுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. தோளில் தொங்குகிற பையில் திருப்புளிகள், தூசு தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், வெற்றிலைப் பொட்டலம். கம்ப்யூட்டரோடு பேசுகிற பழக்கம் உண்டு. பேசுவது என்ன, திட்டுவதுதான். "எந்திரிடா சோம்பேறி, தின்னுட்டுத் தூங்கறதே பொழப்பாப் போச்சு" என்று அவள் பெட்டியைத் தட்டுவதைப் பார்த்து வீட்டுப் பெண்கள் சிரித்து மாய்வார்கள். அந்தச் சிரிப்புக்காகவே கூடக் கொஞ்சம் திட்டுவாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்த கதை அவ்வளவு சிரிப்பானதல்ல. கல்யாணமான புதிதில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தாள். அங்கேதான் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அவள்தான் உறை பிரித்தாள். புருஷன் சுகதன் பஹ்ரைனில் இருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், "இப்பல்லாம் ஆறரை பஸ்ஸுலதான் வர்றியாமே, ஏன்?" என்றான். யார் சொன்னார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வாரமே வேலையை விட்டாள். சுகதன் கிட்னி போய் ஊருக்கு வந்து, படுத்து, செத்த பிறகுதான் மறுபடி திருப்புளியைக் கையில் எடுத்தாள். நடுவில் போன வருஷங்களை யாரிடம் போய்க் கேட்பது? போகட்டும்.

அன்று ஓமனாவுக்கு வந்த போன் ஷார்ஜாவிலிருந்து வரவில்லை. வீட்டுக்காரி பிரஜிதாவே கூப்பிட்டாள். அதுவே அதிசயம்.

"சேச்சி, கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா? ஃபயர்வால் ஆன் ஆக மாட்டேங்குது. நாலு மணிக்குள்ள ஆகலைன்னா என் வேலை போச்சு."

"உனக்கு எப்படி வேலை கிடைச்சுது?"

"வாங்க சேச்சி, சொல்றேன். முதல்ல வாங்க."

ஓமனா போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பிரஜிதா மட்டும்தான். மாமியார் தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள், மகள் அங்கன்வாடியில். வாடாமல்லி நிறத்தில் ஒரு புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, நகத்தைக் கடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தாள்.

விஷயம் இதுதான். கொச்சியில் ஒரு கம்பெனி, ஆஸ்பத்திரிகளின் பில் கணக்கைப் பார்க்கிற கம்பெனி. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. பி.காம் படித்து, கல்யாணம் பண்ணி, ஏழு வருஷம் அடுப்படியோடு கிடந்தவளுக்கு மூன்று தேர்வு எழுதிக் கிடைத்தது. நோயாளிகளின் விவரமெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குள் வரும். அதனால் வெளியாள் நுழையாமல் தடுக்கிற ஃபயர்வால் கட்டாயம் ஓட வேண்டும். நாலு மணிக்குக் கம்பெனிக்காரன் கொச்சியில் உட்கார்ந்தபடியே பரிசோதித்துப் பார்ப்பான். ஃபயர்வால் அணைந்து சிவப்புக் காட்டினால் வேலை வரிசையில் அடுத்தவளுக்கு.

"ஷைஜு என்ன சொல்றான்?" என்று கேட்டாள் ஓமனா. ஷைஜு பிரஜிதாவின் கணவன். ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்.

"ஏட்டன் ஃபயர்வாலை விடு, அது இல்லாட்டி ஒண்ணும் ஆகாதுங்கறார். வேலைக்குப் போகாதேன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. கிடைச்சாப் பாக்கலாம்னார்."

"கிடைச்சுடுச்சே, இப்பப் பாக்கட்டும்!" என்று சொல்லிக்கொண்டே ஓமனா நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

ஃபயர்வால் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பு. ஆன் பண்ணுகிற பொத்தானை அழுத்தினாள். ஒரு கண் சிமிட்டும் நேரம் பச்சை காட்டிவிட்டு மறுபடி சிவப்பு. கீழே ஒரு வரி: இந்த அமைப்பு உங்கள் நிர்வாகியின் கட்டுப்பாட்டில் உள்ளது.

"நிர்வாகியா? யாருடா அந்த மகாராஜா?" என்று பெட்டியின் மண்டையில் தட்டினாள். பிரஜிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அதே சிவப்பு. காலாவதியான ஒரு இலவச ஆன்டி வைரஸ் மூலையில் குந்திக்கொண்டிருந்தது. இரண்டு காவல்காரர்கள் ஒரு வாசலுக்கு அடித்துக்கொண்டால் இப்படி ஆவதுண்டு என்று அதைக் கழற்றி எறிந்தாள். சிவப்பு. வைரஸ் இருக்கிறதா என்று முழுசாகத் தேட விட்டாள். அது ஆமை வேகத்தில் ஓடியது.

அது ஓடுகிற நேரத்தில் பிரஜிதா டீ போட்டுக்கொண்டு வந்தாள். நேந்திரங்காய் வறுவலும் வைத்தாள். ஓமனா அவள் சுடிதாரைப் பார்த்து, "ஜோரா இருக்கே, எங்க எடுத்தே?" என்றாள்.

பிரஜிதாவின் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. "ஏட்டன் அனுப்பினது சேச்சி. கேட்டா நம்ப மாட்டீங்க. ஒரு நாள் இதே நிறத்துல இதே டிசைன் நெட்ல பாத்துட்டு இருந்தேன். வெல ஜாஸ்தின்னு மூடிட்டேன். ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறக்கல. பத்தே நாள்ல இது வந்து நிக்குது!"

"அட!"

"எப்பவுமே அப்படித்தான். என் கூடப் படிச்ச ரீனாவுக்கு மனசு சரியில்லன்னு ஒரு நாள் எழுதினேன். அன்னிக்கே போன் பண்ணி, உனக்கு என்ன மனசு சரியில்லன்னு கேக்கறார். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு என் மனசு அவருக்குத் தெரியுது சேச்சி. ரீனாகூடச் சொன்னா, இப்படி ஒருத்தன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்டின்னு."

ஓமனாவுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. பொறாமைதான், வேறென்ன? சுகதனுக்கு அவள் வருகிற பஸ் தெரிந்திருந்தது. மனசு ஒரு நாளும் தெரிந்ததில்லை. "நல்லா இரு மோளே" என்று மனதாரச் சொல்லிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினாள்.

தேடல் முடிந்து, வைரஸ் ஒன்றும் இல்லை என்றது. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பிரஜிதா மறுபடி நகத்தைக் கடிக்கத் தொடங்கினாள்.

கடைசியாக, உள்ளே என்னென்ன ஏற்றி வைத்திருக்கிறது என்கிற பட்டியலை ஓமனா மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. 'பிரிண்டர் ஹெல்ப்பர்.' போன ஓணத்தின்போது ஏற்றியது. இந்தப் பெயரை வேறெங்கோ பார்த்த மாதிரியும் இருந்தது.

"உங்க வீட்டுல பிரிண்டர் எங்க இருக்கு?"

"பிரிண்டரா? நம்ம வீட்டுல ஏது சேச்சி?"

"பிரிண்டர் இல்லாத வீட்டுல இவனுக்கு என்ன வேலை? எவனோ திருட்டுப்பய நெட் வழியா நுழைஞ்சிருக்கான். கம்ப்யூட்டரப் போட்டதும் இவன் எந்திரிச்சு முதல் காரியமா ஃபயர்வாலை இழுத்து மூடறான், பாரு." ஓமனாவுக்கு வேட்டை நாயின் உற்சாகம் வந்துவிட்டது. அதை வேரோடு பிடுங்கினாள். அது போட்டு வைத்திருந்த பூட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மறுபடி அணைத்துப் போட்டு, பொத்தானை அழுத்தினாள்.

பச்சை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பச்சையாகவே நின்றது.

"என் தெய்வமே! சேச்சி!" பிரஜிதா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இருங்க, ஏட்டன்கிட்ட சொல்லணும். முதல்ல அவர்கிட்டதான் சொல்லணும்."

அவள் போனை எடுக்குமுன் போனே அடித்தது. ஷைஜு. "பாத்தீங்களா? சொன்னேன்ல?" என்று சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிரஜி, கம்ப்யூட்டர ஏன் ஆஃப் பண்ணினே?"

"ஆஃப் பண்ணலியே. ஏட்டா, ஃபயர்வால் ஆன் ஆயிடுச்சு!"

"பொய் சொல்லாதே. இங்க ஒரே இருட்டா இருக்கு."

"அய்யோ, ஷார்ஜாவுல கரண்ட் போயிடுச்சா?"

ஓமனா மென்றுகொண்டிருந்த வறுவல் வாயிலேயே நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்ல. அங்க யாரு வந்திருக்கா?"

"ஓமனச் சேச்சி."

"அவங்ககிட்ட குடு."

போன் கைக்கு வந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிடலாம் என்று ஓமனாவின் விரல் போனது. அணைக்கவில்லை. போனை மேசைமேல், இருவருக்கும் நடுவே வைத்தாள்.

"சொல்லு ஷைஜு."

"சேச்சி, நீங்க எதையோ எடுத்துட்டீங்க. அது நான் போட்டது. அப்படியே திரும்பப் போட்டுடுங்க."

"எதை? பிரிண்டர் ஹெல்ப்பரையா? பிரிண்டர் எங்கப்பா?"

"அதெல்லாம் எதுக்கு சேச்சி? காலம் கெட்டுக் கெடக்கு. அவ வெவரம் தெரியாதவ. அவ நல்லதுக்குத்தான் நான் பாத்துக்கறேன். எங்க ரூம்ல அத்தனை பேரும் வீட்டுல இதைப் போட்டிருக்கோம், நான் ஒண்ணும் ஊர்ல இல்லாதது செய்யல. நம்ம ஆளுன்னுதானே எல்லா வீட்டுக்கும் உங்களையே கூப்பிடறோம்? அதைக் கெடுத்துக்காதீங்க."

நம்ம ஆள்! ஆறரை பஸ்ஸை எட்டிப் பார்த்துச் சொன்ன எவளை இத்தனை காலம் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தாளோ, அவளையும் சுகதன் இப்படித்தான் கூப்பிட்டிருப்பான். ஓமனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிரஜிதா தன் சுடிதாரின் கையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துக் குனிந்தாள்.

"ஏட்டா, ரீனாவுக்கு நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"பிரஜி... நீயும் கேட்டுக்கிட்டுதான் இருக்கியா?"

"படிச்சீங்களா, இல்லியா?"

"உன்னைத் தெரிஞ்சுக்கத்தாண்டி..."

அவள் போனை வைத்துவிட்டாள். உடனே மறுபடி அடித்தது. கவிழ்த்துப் போட்டாள். அது மேசையில் நடுங்கிக்கொண்டே கிடந்தது.

"சேச்சி, அவருக்கு என் மனசு தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேனே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஓமனாவுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

"அதைத் திரும்பப் போடணும்னாலும் என்னால போட முடியும் மோளே" என்றாள் கடைசியில். "போட்டா இது மறுபடி சிவப்பாயிடும், வேலை இல்ல. போடலன்னா அவன் என்ன செய்வானோ, அதை நீதான் தாங்கணும். நான் சொல்லக்கூடாது. நீ சொல்லு."

பிரஜிதா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று ஓமனா தவித்துப்போனாள்.

கதவு திறந்தது. வெளுத்துப்போன ஒரு பழைய சுடிதாரில் பிரஜிதா வந்தாள். புதுசை மடித்துக்கூட வைக்கவில்லை. கட்டிலில் சுருண்டு கிடப்பது கதவிடுக்கில் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"அப்படியே இருக்கட்டும் சேச்சி."

கொச்சிக்காரன் சரியாக நாலு மணிக்கு லைனில் வந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் சரி, திங்கட்கிழமை சேர்ந்துகொள்ளலாம் என்றான். "ரொம்ப நன்றி சார்" என்று அவள் சொன்ன குரலில் ஒரு துளி சந்தோஷம் இல்லை. மகளை அழைத்து வரவேண்டும் என்று எழுந்தவள், செருப்பை மாட்டிக்கொண்டே, "ராத்திரி மாமியார்கிட்ட என்ன சொல்லுவாரோ" என்றாள். ஓமனா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதற்கு மேல் அவளால் என்ன செய்துவிட முடியும்?

ஸ்கூட்டர் சந்தி தாண்டுவதற்குள் போனில் செய்தி வந்து விழுந்தது. ஷார்ஜாவிலிருந்துதான். மறுநாள் போக வேண்டிய வீட்டின் சொந்தக்காரன். 'சேச்சி நாளைக்கு வர வேண்டாம்.' கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று, அதே வார்த்தைகள். ஷைஜு இருக்கிற அந்த ஒரே அறையிலிருந்து எத்தனை வீட்டு வேலை அவளுக்கு வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. "போங்கடா" என்று சத்தமாகவே சொன்னாள்.

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள். பிரிண்டர் ஹெல்ப்பர் என்கிற அந்தப் பெயரை எங்கே பார்த்தோம் என்பது இப்போது ஞாபகம் வந்துவிட்டது. எண்ணெய் மில்லுக்குப் பின்னாலிருக்கிற ரெம்யா வீடு. ரெம்யாவின் புருஷனும் ஷைஜுவோடு அதே அறையில்தான். அங்கேயும் ஃபயர்வால் சிவப்பாகவே கிடந்தது. "நெட் ஓடுதில்ல? அப்புறம் என்ன, விட்டுத் தள்ளு" என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு வந்தவள் இவளேதான்.

வீட்டுக்குப் போகிற பாதையை விட்டு மில் பக்கம் திரும்பினாள். மணியடித்ததும் ரெம்யா ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"என்ன சேச்சி, கூப்பிடாமலே வந்திருக்கீங்க? உள்ள வாங்க."

"ஒண்ணு கேக்கணும் ரெம்யா. உங்க வீட்டுல பிரிண்டர் இருக்கா?"

"இல்லியே. ஏன் சேச்சி?"

ஓமனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.